கட்டத்துக்குள் வராத புலி

ஒரு காட்டில் 'கெக்! கெக்! கெக்!' என்று சத்தம் கேட்டது. எந்த மரம், மரத்தில் யார் என்று பார்ப்பதற்குள் செண்பகத்தின் கால்கள் ஓடிவிட்டன. செண்பகம் ஒரு புள்ளிமான். உச்சிக்கிளையிலிருந்து மந்தி அப்படிக் கத்தினால் புலி வருகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்று யோசித்த மான்கள் எதுவும் அவள் வம்சத்தில் பிள்ளைகுட்டி பெறும்வரை இருந்ததில்லை.

புதருக்குப் பின்னால் போய் மூச்சு வாங்கியபோதுதான் ஞாபகம் வந்தது. புலி இல்லை. மாதிரித் தேர்வு.

எட்டிப் பார்த்தாள். நாவல் மரத்தடியில் குட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் வெயிலில் சார்ஜ் ஏறுகிற ஒரு டேப். ஒரு குட்டிகூடத் திரும்பவில்லை. அவள் மகன் தர்ஷித் இமைகூடக் கொட்டவில்லை.

மரத்திலிருந்து வாலாயுதம் சார் இறங்கி வந்தார். காலங்காலமாக இலவசமாகக் கத்திக்கொண்டிருந்த மந்திதான். இப்போது ஆன்லைன் தேர்வுப் பயிற்சி மையம் வைத்திருக்கிறார்.

"என்னம்மா இது, பெத்தவங்களே இப்படித் தலைதெறிக்க ஓடினா பிள்ளை எப்படி உருப்படும்?"

"பழக்கம் சார்."

"அந்தப் பழக்கத்தை எடுக்கத்தான நான் தொண்டை கிழியக் கத்துறேன்? உங்க பையனைப் பாருங்க. கல்லு! கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான்."

விஷயம் இதுதான். மூன்றாம் வகுப்பு முடிக்கிற குட்டிகளுக்குக் காடு முழுவதும் ஒரே தேர்வு என்று கல்வி இலாகா அறிவித்திருந்தது. தேறினால் ஆற்றுக்கு அக்கரையில் வேலி போட்ட புல்வெளியில் இடம். வேலிக்குள் புலி வராது. போன கோடையில் தண்ணீர்த் துறையில் மூத்தவளைப் புலியிடம் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தவள் செண்பகம். அவளுக்குப் புல்கூட வேண்டாம், அந்த வேலி போதும்.

கேள்விகள் கஷ்டமில்லை. 'எட்டுக்கால் பூச்சிக்கு எத்தனை கால்?' என்கிற ரகம்தான். நேரக் கட்டுப்பாடும் கிடையாது. குட்டிகளுக்கு மன அழுத்தம் வந்துவிடக் கூடாது என்பதில் இலாகா ரொம்பக் கண்டிப்பு. கஷ்டமெல்லாம் டேப்புக்குள் உட்கார்ந்து கண்காணிக்கிற கிளியிடம். கண் விலகினால் எச்சரிக்கை. காது ஆடினால் எச்சரிக்கை. கேமராக் கட்டத்துக்குள் வேறு முகம் தெரிந்தால் எச்சரிக்கை. கிட்டத்தில் வெளிக்குரல் உரக்கக் கேட்டால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு ரத்து.

மானுக்குக் கண் பக்கவாட்டில் அல்லவா இருக்கிறது? நேரே பார் என்றால் அது எங்கே போய்ப் பார்க்கும்? தேர்வைத் தயாரித்தவர்களுக்கெல்லாம் கண் முன்பக்கம் இருந்திருக்கும் போல. வாலாயுதம் சார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கண்ணுக்கு இரண்டு பக்கமும் தேக்கிலையை மடித்துக் கட்டினார். காதுகளைக் கொடியால் இழுத்துக் கட்டினார். அப்புறம் மரத்தில் ஏறி 'கெக்! கெக்!' என்று கத்தினார். திரும்பிப் பார்த்த குட்டிக்கு மதிப்பெண் கழிவு.

சாயங்காலங்களில் செண்பகம் மகனின் காதில் உண்ணி எடுப்பாள். முன்பெல்லாம் நாக்குப் பட்டதும் காது படபடவென்று அடித்து அவள் மூக்கில் கூச்சம் காட்டும். இப்போது கொடியை அவிழ்த்த பிறகும் சும்மா கிடந்தது.

"காதை ஆட்டேன்டா. எங்க கடிக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"கிளி திட்டும்மா" என்றான் தர்ஷித்.

தேர்வு நாள் வந்தது. அவரவர் இருந்த இடத்திலிருந்தே எழுதலாம் என்றது அறிவிப்பு. சிக்னல் கிடைத்த இடம் மொட்டைப் பாறை. தர்ஷித் தனியாக அதன்மேல் உட்கார்ந்து எழுத, செண்பகம் கட்டத்துக்கு வெளியே புதரோரம் நின்றாள்.

"கெக்! கெக்! கெக்!"

அந்தக் குரலில் அன்றைக்குக் கட்டணம் வாங்கின தெம்பு இல்லை. கிளையோடு சேர்ந்து நடுங்கியது. செண்பகத்தின் கால்கள் வழக்கம்போல் ஓடின. பிறகு, அந்த வம்சத்திலேயே முதல் முறையாக, பாதியில் நின்றன. மகன் வரவில்லை.

"டேய் தர்ஷித்! இது நிஜம்டா! சார் சொல்றேன், எந்திரிச்சு ஓடுடா!" என்று மேலேயிருந்து அலறினார் வாலாயுதம்.

தர்ஷித் அசையவில்லை. கடைசி மாதிரித் தேர்விலும் சார் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னார். நம்பி எழுந்த ஒரு குட்டி அழுதுகொண்டு வீட்டுக்குப் போனது.

புதரை விலக்கிக்கொண்டு வரதப்பன் வந்தான். ராத்திரி முழுக்கச் சுற்றியும் ஒன்றும் மாட்டாத புலி. கண் எரிச்சல், வயிறு காலி. இரை ஓடும், துரத்தலாம் என்றுதான் வந்தான். இது ஓடவில்லை. குழம்பிப்போய்ப் பாறையைச் சுற்றி வந்தான். குட்டியின் தோளுக்கு மேலே தலையை நீட்டி, இது அப்படி என்னத்தைப் பார்க்கிறது என்று பார்த்தான்.

"கட்டத்துக்குள் வேறு முகம் தெரிகிறது. முதல் எச்சரிக்கை" என்றது கிளி.

வரதப்பன் பொத்தென்று தரையோடு தரையாகப் படுத்தான். அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். போன வருஷம் அவன் மகன் தேர்வு எழுதும்போது இதே போலக் குறுக்கே போய் வாலைக் காட்டித் தேர்வை ரத்தாக்கியவன் அவன். அன்றிலிருந்து பெண்டாட்டி குகைக்குள் சேர்க்கவில்லை.

"மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வயிற்றால் பின்னுக்கு நகர்ந்து வந்தான். திரும்பி வந்த செண்பகம் நின்ற அதே புதரடியில் வந்து ஒதுங்கினான்.

"உன் பையனாம்மா?"

"ஆமாண்ணே."

"நல்ல கவனம். எங்க பய ஈ பறந்தாக்கூட எந்திரிச்சுருவான்." கொட்டாவி விட்டான். "எழுதி முடிக்கட்டும். முடிச்சதும் சாப்பிட்டுக்கிறேன். ஒரு பிள்ளை படிப்பைக் கெடுத்த பாவம் நமக்கு ஒருதரம் போதும்."

"பெரிய மனசுண்ணே."

அந்த நேரம் பார்த்துத் தர்ஷித் கடைசிக் கேள்வியை முடித்தான். 'சமர்ப்பி' என்ற பச்சைப் பொத்தான் ஒளிர்ந்தது. எல்லாம் சரியான விடை. அழுத்தினால் வேலி போட்ட புல்வெளி. ஆனால் புல்வெளிக்கு முன்னால் வரதப்பன் இருந்தான். குட்டி குளம்பைத் தூக்கியது.

"கண்ணு!" என்றாள் செண்பகம். "விடையெல்லாம் இன்னொரு தடவை சரிபாருடா!"

"வெளிக்குரல் கேட்கிறது. இரண்டாவது எச்சரிக்கை."

"அப்படிச் சொல்லு" என்றான் வரதப்பன் மெச்சுதலாக. "அவசரப்பட்டுத்தான் எல்லாப் பிள்ளைகளும் கோட்டை விடுதுங்க."

தர்ஷித் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. முதல் கேள்வியிலிருந்து பார்த்தான். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். வரதப்பனுக்குக் கண் சொக்கியது. "முடிச்சதும் எழுப்பும்மா" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்தான்.

செண்பகம் டேப்புக்குப் பின்பக்கமாக வந்தாள். டேப்பின் வாரைப் பல்லால் கவ்வி, கேமராவில் தான் தெரியாதபடி, பின்னோக்கி ஓர் அடி வைத்தாள். திரை நகர்ந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தர்ஷித்தும் எழுந்து ஓர் அடி வைத்தான். இப்படியே பாறையிலிருந்து இறங்கி, புலியின் மீசையைத் தாண்டி, தாய் பின்நடையும் பிள்ளை முன்நடையுமாக இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. இன்றுவரை அழுத்தவில்லை. வேலிக்குள் இடம் கிடைத்த குட்டிகள் அக்கரைக்குப் போய்விட்டன. தினமும் விடியற்காலையில் வரதப்பன் அந்தப் பக்கமாக வருவான்.

"முடிச்சாச்சா?"

"சரிபார்த்துக்கிட்டிருக்காண்ணே."

"மெதுவாப் பார்க்கட்டும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, கட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவான்.

ஒரு சாயங்காலம் நாவல் மரத்திலிருந்து 'கெக்! கெக்!' கேட்டது. அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு வாலாயுதம் சாரின் மாதிரித் தேர்வு. செண்பகத்துக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. தர்ஷித்தின் காது அசையவில்லை. இன்னும் ஒரே ஓர் எச்சரிக்கைதான் பாக்கி. அவள் அந்தக் காதை உற்றுப் பார்த்தாள். பிறகு கட்டத்துக்குள் தன் முகம் படாமல் நாக்கை மட்டும் நீட்டி மடலைப் புரட்டி, எங்கே கடிக்கிறது என்று தானாகவே தேடி, உண்ணி எடுக்க ஆரம்பித்தாள்.

நீதி: எந்தத் தேர்வானாலும் நன்றாக எழுதுங்கள். எழுதி முடித்துவிட மட்டும் வேண்டாம்.