கியர் லிவருக்கு வந்த நல்ல காலம்

அன்பும் உரிமையும் உள்ள மாப்பிள்ளை இளஞ்செழியனுக்கு,

வேடசந்தூர்த் தோட்டத்து வீட்டிலிருந்து உன் அத்தான் காத்தமுத்து மனம் நிறைந்து எழுதுவது. இங்கே நானும், உன் அக்கா ராமுத்தாயும், வயலில் சம்பங்கியும், நீ ஓட்டிப் பழசாக்கி எங்களுக்குக் கொடுத்த வெள்ளைக் காரும் சுகம். ஓசூரில் நீயும் தீபாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று உன் அக்கா தினமும் விளக்கு முன்னால் வேண்டிக்கொள்கிறாள். அப்போது நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன், ஆகையால் அந்த வேண்டுதலில் பாதி என்னுடையது. செல்போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் போதும், அடுப்படியிலிருந்தே உன் அக்கா, "அது அப்படி இல்லப்பு, நான் சொல்றேன் கேளு" என்று குறுக்கே வந்துவிடுகிறாள். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதலாம்.

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் வெறுமனே நன்றி என்று எழுதினால் அதன் எடை உனக்குத் தெரியாது. கண்ணில் புரை எடுத்த பிறகு எதிரே லைட் பட்டால் எனக்குக் கூசுகிறது, இருட்டில் வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பங்கியோ விடியும் முன் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறங்க வேண்டிய பூ. ஊருக்குப் பொதுவாக வருகிற பூ வேன்காரன் எங்கள் மூட்டையைக் கடைசியாகத்தான் ஏற்றுவான், சில நாள் மறந்தும் போவான். அப்படி வெயிலில் கிடந்து வாடிய பூவைப் பார்த்து உன் அக்கா சாப்பிடாமல் இருந்த நாளெல்லாம் உண்டு. அதனால்தான் தானே ஓட்டுவது என்று எல் போர்டு ஒட்டிப் பழகினாள். போன முறை டெஸ்டில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முதல் கியர் என்று போட்டாள், மூன்றாவது விழுந்தது, வண்டி குலுங்கி நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி நின்றது. "நல்லா பழகிட்டு வாங்கம்மா" என்று அவர் மரியாதையாகத்தான் அனுப்பினார். திரும்பும் வழியில் நான், யாரையும் குறிப்பாகச் சொல்லாமல், "எதுக்கும் ஒரு கைவாகு வேணும்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். "என் கையில ஒன்னுமில்ல. அந்தக் கம்பிதான் சாம்பார்ல கெடக்குற கரண்டி மாதிரி ஆடுது. இன்னொருக்கா போயி இப்படி நின்டுச்சுன்னா இந்த ஸ்டியரிங்க நான் தொட மாட்டேன். சம்பங்கிய உழுது போட்டுட்டுச் சோளத்த வெதச்சுக்கங்க" என்றாள். அவள் நட்டு, அவள் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த தோட்டம் அது. அன்றே உனக்குப் போன் போட்டேன்.

இதை உனக்குச் சொன்னதும், "அத்தான், கியர் கேபிள் முனையில இருக்குற பிளாஸ்டிக் புஷ் தேஞ்சிருக்கும், அக்கா மேல தப்பில்ல" என்று ஓசூரிலிருந்தபடியே கண்டுபிடித்தாயே, அதற்கு முதல் நன்றி. பித்தளையில் நல்ல புஷ்ஷாக வாங்கிக் கூரியரில் அனுப்பினாயே, அதற்கு இரண்டாவது நன்றி. ஒர்க் ஷாப்பில் கொடுத்து மாட்டச் சொன்னாய். மாப்பிள்ளை, ஆயுசு முழுக்க ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் வீட்டு வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்? நானே மாட்டுவது என்று முடிவெடுத்தேன். உன் பித்தளைப் புஷ்ஷைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தேன். டிங் என்றது. சத்தம் போடுகிற சாமான் எனக்கு ஆகாது. மில்லில் நூல் இழுக்கும் உருளைக்கு மேல் ரப்பரில் ஒரு உறை மாட்டுவோம், காட்ஸ் என்போம். ஆட்டமிருந்தால் காட்ஸ், அதிர்ந்தால் காட்ஸ், மேனேஜர் நாற்காலி கிரீச்சிட்டால்கூடக் காட்ஸ்தான் வெட்டி வைப்போம். ஓய்வு பெற்றபோது கொண்டுவந்தது கொஞ்சம் பரணில் இருந்தது. உன் புஷ்ஷைப் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுக் காட்ஸை எடுத்தேன். நீ அதை அனுப்பியிராவிட்டால் எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது. ஆகவே அதற்கும் நன்றி.

வேலையை அடுத்த டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். உன் அக்கா டார்ச் பிடித்தாள். பேட்டரியைக் கழற்றினேன், ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினேன், அதற்குக் கீழே கியர் பாக்ஸ் தலையில் இரண்டு கேபிளும் வந்து மாட்டியிருந்தன. பழைய புஷ்ஷைத் தொட்டதும் அவல் மாதிரி உதிர்ந்தது. நான் ஒவ்வொன்றையும் கழற்றும்போது இது இன்னது, இது இதற்காக என்று உன் அக்காவுக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாவம், அவளுக்கு என்ன புரிந்திருக்கும்? ஆனாலும் "இந்தக் கிளிப்பு எந்தப் பக்கமாப் போகும்?", "கிரீஸ் உள்ளயா வெளியவா?" என்று ஆர்வமாகக் கேட்டாள். நானும் பொறுமையாகச் சொன்னேன். கிளிப்பை நெம்பியபோது அது துள்ளிப் போய்ச் சம்பங்கி வயலில் விழுந்தது. பாத்தி பாத்தியாகத் தேடினோம். பக்கத்துத் தென்னந்தோப்பு பீர் முகமது, திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருக்கிறாரே, அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தேடினார். கடைசியில் பார்த்தால் கிளிப் உன் அக்கா கொண்டையில் சிக்கியிருந்தது. அதோடு விட்டாரா பீர்? காட்ஸைப் பார்த்துவிட்டு, "காத்தமுத்து, வெறும் ரப்பரு வழுக்கும்யா, உள்ள ஒரு தோல் வாசரு போடு" என்று தன் பங்குக்கு ஆட்டுத்தோலில் வட்டம் வெட்டிக் கொடுத்தார். காட்ஸ், அதற்குள் தோல், அதற்குள் கேபிள் ஊசி. சுத்தியலால் தட்டித்தான் இறக்க முடிந்தது, அவ்வளவு கச்சிதம்.

பேட்டரியையும் பெட்டியையும் திரும்ப மாட்டிவிட்டு லிவரை ஆட்டிப் பார்த்தேன். இம்மியளவு ஆட்டம் இல்லை. ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் பலம் கொடுத்தால் எல்லாம் விழுந்தது. கடைசியாக ரிவர்ஸ் போட்டேன். விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், எழுந்திருக்கவில்லை. கையால் தள்ளினேன், காலை ஊன்றி இழுத்தேன், பீரும் நானும் சேர்ந்து இழுத்தோம். ரிவர்ஸ் ரிவர்ஸாகவே இருந்தது. அதற்குள் உன் அக்கா, வண்டியில் பெரிய வேலை பார்த்திருக்கிறோம் என்று முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடத்தோடு நின்றாள். வண்டி முன்னால் போனால்தானே பழம் நசுங்கும்? பீர்தான் வழி சொன்னார்: "அட, பழத்தத் தூக்கிப் பின்னாடி வையிங்க தாயி. ஆண்டவனுக்கு முன்ன பின்ன என்ன இருக்கு?" பழத்தை மாற்றி வைத்தோம், சூடத்தை டிக்கிக்குக் காட்டினோம், வண்டி நல்லபடியாகப் பின்னால் நகர்ந்து பழத்தை நசுக்கியது. அப்படியே காளியம்மன் கோயிலையும் ஒரு சுற்று சுற்றிவிட்டால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று, பகல் வெளிச்சம்தானே, நானே ரிவர்ஸில் ஓட்டிப் போனேன். முறைப்படி வலமாகத்தான் சுற்றினேன். பூசாரி திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்து, "வண்டி வலமாப் போகுது, மூஞ்சி இடமாப் பாக்குது, இத எந்தக் கணக்குல சேக்குறது?" என்று மறித்தார். சக்கரம் போகிற திசைதான் கணக்கு என்று நானும், ஹெட்லைட் பார்க்கிற திசைதான் கணக்கு என்று அவரும் வாதாடினோம். பால் சொசைட்டிக்கு வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்ப்பக்கமாகவும் ஒரு சுற்று சுற்றச் சொன்னார். சுற்றினேன். கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அன்று மாலை உன் அக்கா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சம்பங்கி வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, "சோளத்துக்கு வெதை எங்க வாங்குறது?" என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளை, எனக்கு மில்லில் விரல் நசுங்கியபோதுகூட அப்படி வலிக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பீர் வந்து, மண்டியில் தோல் கட்டு பிரிக்கிறார்கள், நம்பிக்கையான ஆள் ஒருத்தர் கூட நிற்க வேண்டும் என்று என்னைத் தன் வண்டியில் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனார். அங்கே போனால் ஒரு கட்டுதான் இருந்தது. அதைப் பிரித்தார், கட்டினார், மறுபடி பிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார், சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், கிளம்பலாம் என்றால் இன்னொரு டீ என்றார். பொழுது சாயத்தான் வீட்டில் விட்டார். என் மனக்கஷ்டம் தெரிந்து ஆறுதலுக்காகச் செய்திருக்கிறார், நல்ல மனுஷன். வந்து காரில் உட்கார்ந்து லிவரைத் தொட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ரிவர்ஸிலிருந்து வந்தது! முதல், இரண்டு, மூன்று, எல்லாம் விரலால் போட்டேன். கத்திக் கூப்பிட்டேன். உன் அக்கா ஓடிவந்து, "அப்படியா? என்ன அதிசயம்!" என்றாள். அதிசயம் ஒன்றுமில்லை. காட்ஸ் மாட்டினால் ஒரு நாள் இருந்துதான் பதியும். மில்லில் அதற்காகவே காத்திருப்போம். அவசரத்தில் நானே அதை மறந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அதே இன்ஸ்பெக்டர். நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு இடது கையால் வெறும் காற்றில் கியர் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அக்கா முதல் கியர் போட்டாள், முதல் கியரே விழுந்தது. வண்டி நகர்ந்தது. வளைத்தாள், நிறுத்தினாள், பின்னால் எடுத்துக் கோட்டுக்குள் விட்டாள். இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும், மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். நேற்று தபாலில் லைசென்ஸ் கார்டு வந்துவிட்டது. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நாளை விடியும் முன் சம்பங்கி மூட்டையோடு அவளே மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போகிறாள். தோட்டம் தோட்டமாகவே இருக்கும். என் வேலை மேல் அவளுக்கு இப்போது எவ்வளவு மரியாதை தெரியுமா? போனட்டைத் திறந்து மற்றவருக்குக் காட்டினால் திருஷ்டி பட்டுவிடும் என்று என்னையே திறக்க விடுவதில்லை.

கார் கொடுத்த உனக்கும், புஷ் அனுப்பிய உனக்கும், தோல் வெட்டிய பீர் முகமதுக்கும், இரண்டு பக்கமும் சுற்ற விட்ட அம்மனுக்கும், ரப்பர் கண்டுபிடித்த மகராசனுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். உன் பித்தளைப் புஷ் டிரங்குப் பெட்டியில் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ, அங்கே யாருக்காவது உதவும். நீயும் தீபாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், வாசலில் வண்டியும் வீட்டில் சிரிப்பும் குறையாமல் நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்,
காத்தமுத்து.

பின்குறிப்பு: அப்பு, அக்கா எழுதுகிறேன். கடிதத்தை என்னிடம் கொடுத்து, படிக்காமல் ஒட்டச் சொன்னார். படித்துவிட்டேன். டிரங்குப் பெட்டியில் புஷ் இல்லை, காரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துப் போய்ப் பொழுது சாயும் வரை விடாதீர்கள் என்று பீர் அண்ணனிடம் நான்தான் சொன்னேன். பேட்டரியைக் கழற்றி, பெட்டியைக் கழற்றி, அந்த ரப்பரையும் தோலையும் குத்தி எடுத்துவிட்டு, நீ அனுப்பியதை கிரீஸ் தடவி அழுத்தினேன். சொருகினாற்போல் போய் உட்கார்ந்தது. கிளிப்பைத் துள்ளவிடாமல் துணியைப் போட்டு மூடிக்கொண்டு மாட்டினேன். அவரிடம் சொல்லிவிடாதே. நீ ஊருக்கு வரும்போது இதே மாதிரி இன்னொரு புஷ் வாங்கி வா, அவர் திறந்து பார்த்தால் இருக்கும்படி பெட்டியில் போட்டு வைக்க வேண்டும்.

அவரை நினைத்துச் சிரிப்பதோடு விட்டுவிடாதே அப்பு. யாரும் சொல்லித் தராததை எல்லாம் அவர்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டிச் சொன்னார். கியர் போட்டால் உள்ளே எது எதை இழுக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்த வண்டி மேல் இருந்த பயம் போனது. டெஸ்டில் நான் தைரியமாக ஓட்டியதற்கு அதுதான் காரணம். இப்போது வாசலில் டார்ச் அடித்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், நாளைக்குத் தானும் வருவேன் என்கிறார். பூ மூட்டையோடு பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறேன். மார்க்கெட்டில் யார் கேட்டாலும், ஓட்டினது நான், வண்டியைச் சரிபண்ணினது இவர் என்றுதான் சொல்லப்போகிறேன்.