கரையிலிருந்து பார்த்தால் தெரியும் வழி

கரும்பலகையில் வரைந்த கடலில் யாரும் மாட்டிக்கொண்டதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அப்படியொரு கடலை வரைந்தேன். அதை நம்பி எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒரு படகு நிறைய ஏறினார்கள். நானும் அவர்களோடு ஏறினேன் என்ற ஒரே காரணத்துக்காகப் பிற்பாடு என்னைக் கொஞ்சம் மன்னித்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலேசியாவின் மேற்குக் கரையில், கோலா சிலாங்கூருக்கு உள்ளே, செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருந்த எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. (‘தற்காலிக’ என்ற சொல்லை நான் சொல்வதில்லை, மற்றவர்கள் மறப்பதில்லை.) நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நிலவரைபடம் சொல்லிக்கொடுத்து வந்ததால், நாட்டின் கரையோரம் முழுவதும் என் பொறுப்பில் இருப்பதாக ஓர் எண்ணம் எனக்கு உண்டு.

எங்கள் இளைஞர் மன்றத்துப் பையன்கள் வருடா வருடம் தோட்டத்து லோரியில் ஏறிப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கோ கேமரன் மலைக்கோ போவார்கள். பெண்கள் நாங்கள் கோயிலுக்குப் போவோம். கோயில் எங்கள் லயத்து வீடுகளுக்கு அடுத்தாற்போல் இருந்தது.

மன்றத்தின் மகளிர் பகுதிச் செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்த வருடம், இதை மாற்றியே தீருவது என்று கிளம்பினேன். கோலா சிலாங்கூர் படகுத்துறையில் ஏறி, தெற்கே ஜெராம் கடற்கரையில் இறங்குவது. பெண்கள் மட்டும். இதில் வேடிக்கை மட்டும் இல்லை, ஒரு காரியமும் இருந்தது. என் தோழி தனத்துக்குப் பட்டணத்தில் தட்டெழுத்து வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. பஸ்ஸில் தனியாகப் போய்வர வேண்டும். அவள் அம்மா பாக்கியம் அத்தை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“முதல்ல இந்தப் படகுல ஒழுங்கா போயிட்டு வாங்க. வகுப்ப அப்புறம் பார்ப்போம்” என்று முடித்துவிட்டார். ஆக, எங்களோடு தனத்தின் எதிர்காலமும் படகில் ஏறியது.

அம்மாக்களின் சம்மதம் கேட்கும் கூட்டத்தை என் வகுப்பறையிலேயே வைத்தேன். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் அம்மாக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் என் அம்மா. அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்; அப்பாவுக்கு அம்மா மண்டோர். அந்தக் கூட்டத்தில் அம்மா தலையாட்டினால் எல்லாத் தலையும் ஆடும்.

நீலச் சாக்குக்கட்டியால் கடல் முழுவதையும் பூசினேன். அதில் இரண்டு வழிகள் போட்டேன். சிவப்புக் கோடு வெளிவழி: ஆற்று முகத்துவாரத்திலிருந்து நேரே ஆழத்துக்குப் போய், தெற்கே திரும்பி, சுற்றிக்கொண்டு ஜெராமுக்கு வருவது. வெள்ளைக் கோடு உள்வழி: கரையை விட்டுப் பிரியாமல் ஒட்டியே போவது. பார்ப்பதற்கு உள்வழி சேலைக் கரை மாதிரி அழகாக இருந்தது.

தனம் எழுந்து வெளிவழிக்காகப் பேசினாள். மலைமேல் இருக்கும் கலங்கரை விளக்கத்தைக் கடலிலிருந்து பார்க்கலாமாம். பிறந்ததிலிருந்து அதைப் பின்பக்கமாகவே பார்த்து வருகிறோமாம். நியாயமான பேச்சுதான். ஆனால் அம்மா வேறு கேள்வி வைத்திருந்தார்.

“கரையிலேருந்து பார்த்தா படகு தெரியுமா?”

“வெளிவழியில தெரியாதும்மா. உள்வழியில நல்லா தெரியும்.”

“நடுவுல நின்னுபோச்சுன்னா?”

“கரைதான் பக்கத்துல இருக்கே. இறங்கி நடந்து வந்துருவோம்.”

எவ்வளவு தெளிவான பதில். அந்த அறையில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாதவர்களுக்குக் கரைதான் தெய்வம். அதை ஒட்டிப் போனால் கெடுதல் வராது என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. தரை உண்டு, தண்ணீர் உண்டு, இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. என் வரைபடத்திலும் அது இல்லை. சேற்றுக்கு என்னிடம் சாக்குக்கட்டி கிடையாது.

உள்வழிக்கு ஒன்று தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. வெளிவழிக்குத் தனம் மட்டும் தூக்கினாள். பாக்கியம் அத்தை திரும்பிப் பார்த்ததும் அதையும் இறக்கிக்கொண்டாள். வென்ற பூரிப்பில் நான் அம்மாக்களுக்கு மூன்று வாக்குறுதிகள் கொடுத்தேன். படகு கரையிலிருந்து தெரியும். விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்புவோம். எந்தப் பையனும் எங்களிடம் வந்து ஒரு வார்த்தை பேச முடியாது. அம்மாக்கள் சாப்பாட்டோடு லோரியில் ஜெராமுக்குப் போய் எங்களுக்காகக் காத்திருப்பது என்று முடிவாயிற்று.

படகுக்காரர் பாக் சமாட் வயதான மலாய்க்காரர். ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றுகிறவர். கடல் அவருக்கும் ஓரளவு புதிதுதான். நான் எதைக் கேட்டாலும் ‘போலே’ என்றார், முடியும் என்று. வெளிவழி? போலே. உள்வழி? போலே. இப்படிப்பட்ட மனிதர் கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

புறப்படும் நேரத்தில் மட்டும் நான் யாரையும் நம்பவில்லை. நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றையும் ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பழுக்கில்லாத நேரமாக எடுத்தேன். கடலுக்கும் ஒரு நேரம் உண்டு, அது ஏறும் இறங்கும் என்பது அந்த நாள்காட்டியில் போட்டிருக்கவில்லை.

படகு நல்ல நேரத்தில் கிளம்பியது. நான் கஞ்சி போட்ட நூல் சேலையில் முன்னால் நின்றுகொண்டு, “நமக்கு இடது பக்கம் தெரிவது தீபகற்ப மலேசியா” என்று விளக்கம் கொடுத்தேன். (அங்கேதான் எல்லோரும் பிறந்து வளர்ந்தவர்கள்.) பெண்கள் பாடினார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். எல்லாம் திட்டப்படியே நடந்தது.

ஜெராம் கண்ணுக்குத் தெரிந்த சமயத்தில் தண்ணீர் பாலில்லாத கோப்பி நிறத்துக்கு மாறியது. இயந்திரம் இருமியது. பாக் சமாட் அதை மேலே தூக்கிவிட்டு, நீளக் கழியால் உந்திப் பார்த்தார். கழி சேற்றில் போய் நின்றுகொண்டது. படகும் நின்றது. சுற்றிலும் இருந்த தண்ணீர் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கிப் போய்விட்டது. எங்கும் சாம்பல் நிறச் சேறு, நடுவில் நாங்கள்.

கரைக்குப் போக முடியுமா என்று கேட்டேன். “போலே” என்றார் பாக் சமாட். சற்று யோசித்து, “பெத்தாங்” என்று சேர்த்துக்கொண்டார். சாயங்காலம் முடியுமாம். பிறகு தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துவிட்டார்.

நேர் எதிரே கரை. லோரி தெரிந்தது. பாய் விரித்திருப்பது தெரிந்தது. அம்மாக்கள் வரிசையாக எழுந்து நிற்பது தெரிந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் கோழிப் பிரட்டல் வாசனையும் அம்மாவின் குரலும் தெளிவாக வந்து சேர்ந்தன.

“டீச்சர், இறங்கி நடந்து வர்றதா சொன்னீங்களே.”

அம்மா என்னை மரியாதையாகக் கூப்பிட்டால் எனக்குக் கெட்ட காலம் என்று அர்த்தம். ஆனாலும் சொன்ன வார்த்தை என்று ஒன்று இருக்கிறதல்லவா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்தேன். முழங்கால் வரைக்கும் உள்ளே போயிற்று. அதை எடுப்பதற்காக மறுகாலை வைத்தேன். இடுப்பு வரைக்கும் போயிற்று. நான் கத்தவில்லை, ஆசிரியை கத்தக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தேன். தனமும் மற்றவர்களும் என் கையையும் கொண்டையையும் பிடித்து இழுத்தார்கள். சேற்றுக் காப்பு சாத்திய அம்மன் மாதிரி மேலே வந்தேன். என் செருப்பு இன்றைக்கும் ஜெராமில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. கரையில் கூட்டம் சேர்ந்தது. மோட்டார் சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்கிறவர் வந்து, எங்களைக் காட்டிக் காட்டியே விற்றார். எங்களைச் சுற்றிச் சேற்றில் குட்டி மீன்கள் துடுப்பை ஊன்றி நடந்துகொண்டிருந்தன. நான் நடக்க முடியாத இடத்தில் மீன் நடந்தது.

அம்மாக்கள் கை அசைத்து யோசனை சொன்னார்கள். தலையில் துணி போடு என்றார்கள், போட்டோம். ஓரத்தில் உட்காராதே என்றார்கள், நகர்ந்தோம். ஒரு படகுப் பெண்களைக் கரையிலிருந்தே வளர்க்க முடியும் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். உச்சி வெயில் தாண்டியதும் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளிவழியில் போயிருக்கலாம் என்று தனம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாக்கியம் அத்தை கரையில் இடுப்பில் கைவைத்து நின்ற நிற்பைப் பார்த்தாலே, தட்டெழுத்து வகுப்பு என் செருப்புக்குப் பக்கத்தில் புதைந்துவிட்டது தெரிந்தது. என் வாய்வீச்சால் ஒரு பெண்ணின் பிழைப்பு போயிற்றே என்று நினைத்ததும் சேறு படிந்த சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். தனத்திடம் அதைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அழுவாதே சரசு” என்றாள். “அங்கேருந்து பார்த்தா தெரியும்.”

அப்புறம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். படகே சிரித்தது. பாக் சமாட் தொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

அவர் சொன்னபடியே சாயங்காலம் தண்ணீர் வந்தது. படகு மெல்ல அசைந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து லோரியில் விளக்கு வைப்பதற்குள் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். நாள் முழுவதும் படகு கரையிலிருந்து தெரிந்தது. ஒரு பையனாலும் எங்களை நெருங்க முடியவில்லை. நான் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை என்பதை இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஜெராமில் இறங்கியதும் அம்மா என்னைத் திட்டவில்லை. யாரிடமோ வாளி வாங்கிவந்து என் தலையில் தண்ணீர் ஊற்றினார். பிறகு புளிச்சோற்றைப் பிரித்து வைத்து, எனக்குப் பக்கத்தில் தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டார். அதுவரை அவர் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சாப்பாடு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

லோரி ஜெராமைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு பாக்கியம் அத்தை தனத்தைக் கேட்டார்.

“அந்த டைப்பிங்கு வகுப்புக்கு பஸ்ஸு ரோட்டுலதானே போவுது?”

“ஆமாம்மா.”

“நடுவுல சேறு கீறு ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா.”

“அப்ப போயிட்டு வா லா” என்றார் அத்தை. கடலைப் பார்த்தபின் அவருக்குப் பஸ் ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தனம் அந்த வகுப்பில் படித்த தட்டெழுத்தை வைத்துத்தான் கோலா குபு பாருவில் அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றாள். அதில் என் பங்கை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வருடமும் படகுப் பயணத்துக்குக் கூட்டம் நடந்தது. கூட்டியது அம்மா. என்னை வரைபடம் போடச் சொன்னார். நீலம் பூசி, சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கோடுகளையும் போட்டேன். அம்மா எழுந்து வந்து, துடைப்பானை எடுத்து வெள்ளைக் கோட்டை அழித்தார். இந்தமுறை அம்மாக்கள் போவதாகவும், பிள்ளைகள் சமைத்து எடுத்துக்கொண்டு ஜெராமில் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். எங்களை யாரும் வாக்கெடுப்புக்கு அழைக்கவில்லை. நேரத்தையும் அம்மாவே பாக் சமாட்டிடம் பேசி, தண்ணீர் ஏறும் வேளையாகப் பார்த்து வைத்தார். ராகு காலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

கரையில் நின்று பார்த்தோம். படகு தெரியவே இல்லை. நான் சோற்றுப் பானையை விட்டுவிட்டு நாலு தடவை தண்ணீர் ஓரத்துக்குப் போய் வந்தேன். தனம் அதை எண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வெளியே வெகுதூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. வந்து இறங்கிய அம்மாவின் சேலை நனைந்திருந்தது, கொண்டை அவிழ்ந்திருந்தது. பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“நடுவுல கரையே தெரியலடி” என்றார் அம்மா. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே, “நல்லா இருந்துச்சு” என்றார்.

எங்கள் வீட்டில் யார் எங்கே புறப்பட்டாலும், கோலாலம்பூருக்கு வேலைக்கோ வெளிநாட்டுக்குப் படிக்கவோ, வாசலில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது: கரை தெரியுமா? தெரியாது என்று சொல்ல வேண்டும். சொன்னால் பையைத் தூக்கிக் கொடுப்போம். தெரியும் என்று சொல்கிறவர்களை உட்காரவைத்து, என் செருப்பின் கதையை முதலிலிருந்து சொல்வோம்.