பந்திங் அண்ணனுக்கு ஒரு மரியாதையான போன்

மரியாதையாகப் பேசியதற்காக ஸ்கேமர் பட்டம் வாங்கியவள் கிள்ளானில் நான் ஒருத்திதான்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். கல்யாணமோ சாவோ, வாசலில் பந்தலாகப் போட கெனோப்பியும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடையில் அம்மா போன் எடுத்துக்கொண்டிருந்தார். எடுப்பார், திட்டுவார், வைப்பார். திட்டு வாங்கியவர்கள் அடுத்த விசேஷத்துக்கும் அவரிடமே வந்தார்கள். அம்மா திடீரென்று போய்விட்டார். முதலாளி குமார் அங்கிள் அம்மா இடத்தில் என்னை உட்கார வைத்தார். (நான் எழுதிய முதல் ஆர்டரே அம்மா சாவுக்கான கெனோப்பிதான். டிஸ்கவுண்ட் கிடைத்தது.)

போனை எடுத்தால் என்னிடம் மூன்றே வார்த்தைதான். "ம்", "இல்ல", "சரி". அவ்வளவுதான் என் வியாபாரம். புகார் குவிந்தது.

"பாப்பா, பேச சொல்லிக் குடுக்க ஒரு கோச்ச கூப்பிட்டிருக்கேன்," என்றார் அங்கிள். "அதுக்கப்புறமும் நீ வாய தொறக்கலன்னா பின்னால நாற்காலி கழுவத்தான் போடணும். கோவிச்சுக்காத லா."

நாற்காலி கழுவ எனக்கு வெட்கமில்லை. ஆனால் போன் நாற்காலிக்கு அம்மா தைத்துப் போட்ட மெத்தையில் வேறொருத்தி உட்காருவதை என்னால் பார்க்க முடியாது.

கோச் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தார். காற்றாடி ஓடாத எங்கள் ஸ்டோரில் கோட்டோடு நின்றார்.

"பேச்சுக்குப் பேச்சு 'லா' போடக் கூடாது. 'அண்ணே', 'பாஸ்' எதுவும் கூடாது. கஸ்டமர முழுப் பெயர் சொல்லி கூப்பிடணும். தெரியலன்னா பணிவா கேளுங்க. இப்பவே ஒருத்தருக்கு அடிங்க, ஸ்பீக்கர்ல."

எங்கள் கடை போனில் யாருக்குமே பெயர் கிடையாது. 'பந்திங் அண்ணே', 'செலாயாங் கோழி அங்கிள்', 'பல்லு அக்கா', இப்படித்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பந்திங் அண்ணனை அழுத்தினேன். பந்திங் ஊர்க் கோயிலின் கமிட்டிக்காரர். வருஷா வருஷம் திருவிழாவுக்கு எங்கள் கெனோப்பிதான். அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.

"வணக்கம் ஐயா. தங்கள் முழுப் பெயரைத் தெரிந்துகொள்ளலாமா?"

"யாரும்மா நீ?"

"கெனோப்பி கடையிலிருந்து பேசுகிறேன், ஐயா. தங்கள் முழுப் பெயர்..."

"அடுத்து அடையாள கார்டு ஐசி நம்பர் கேப்ப. அப்புறம் பேங்க் நம்பர். என் மச்சான் இப்படித்தான் ஏமாந்தான். அந்தக் கடையில ஒருத்தரும் இவ்ளோ மரியாதையா பேச மாட்டாங்க. வை போன."

கோச் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கோயில் வாட்ஸப் குழுவில் செய்தி வந்துவிட்டது: கெனோப்பி கடை நம்பரை ஸ்கேமர் பிடித்துவிட்டான், யாரும் எடுக்காதீர்கள். அது செலாயாங் கோழி அங்கிள் வரை போனது. நாங்கள் யாருக்கு அடித்தாலும் கட் பண்ணினார்கள். கடைசியில் அங்கிளே தன் சொந்த போனில் பந்திங் அண்ணனைப் பிடித்தார்.

"அண்ணே, நான் குமார் பேசுறேன்."

"குரலையும் திருடிட்டீங்களா? இப்பதான் கம்ப்யூட்டர்லயே குரல் செய்றானுங்களே."

அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் நாற்காலி கழுவும் தண்ணீர்க் குழாயைப் பார்த்தார்.

நான் போனைப் பிடுங்கினேன். "அண்ணே, நான் சரோஜா மக."

"சரோஜா மகளா? அப்ப உங்கம்மா மாதிரி ஒரு வார்த்த பேசு, பாப்போம்."

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"யோவ் அண்ணே, போன திருவிழாவுக்கு எடுத்துட்டுப் போன நாற்காலில பாதிக்குக் கால காணோம். வறுத்தா தின்னீங்க? இதுல நாங்க ஸ்கேமரா? நீங்கதான் லா ஸ்கேமர். இந்த வாட்டி ஒவ்வொரு காலா எண்ணித்தான் லோரியில ஏத்துவேன்."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஆமா. நம்ம கடதான்," என்றார் பந்திங் அண்ணே. "இந்த வருசமும் பெரிய கெனோப்பியே எழுதிக்க, பாப்பா."

"டோன்ல இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த கோச்சின் கையில் அங்கிள் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைத் திணித்து ரயிலேற்றி அனுப்பினார். நான் கடைக் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். (அம்மா போனதற்கு நான் ஒழுங்காக அழுதது அங்கேதான். வாசனை சுமார்.)

இன்றும் வீட்டில் "கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்று பணிவாகக் கேட்டால் என் தம்பி விடுவதில்லை. "ஐசி நம்பரும் வேணுமா?" என்பான். பந்திங் அண்ணனும் போன் அடித்ததும் "மொதல்ல திட்டு, அப்புறம் ஆர்டர் சொல்றேன்" என்கிறார். திட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன், அம்மாவின் மெத்தையில் உட்கார்ந்துகொண்டு.

பந்திங் அண்ணனுடைய முழுப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.