மரியாதைக்குச் சொன்ன வார்த்தை

“ஐயா! ஐயா! கொஞ்சம் நில்லுங்க ஐயா!”

கன்னையா கூவிய கூவலில் பிரிக்பீல்ட்ஸ் சந்தையே திரும்பிப் பார்த்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த மலாய்ப் போலீஸ்காரர் மட்டும் நடையை எட்டிப் போட்டார். அவர் கையில் மீன்கூடை, பக்கத்தில் மனைவி.

நில அளவை படிக்கக் கும்பகோணத்திலிருந்து கோலாலம்பூர் வந்து சேர்ந்த மறுநாளே கன்னையாவுக்கு வழி தப்பிவிட்டது. பள்ளிக்கூடம் எந்தத் திசை என்று கேட்கத்தான் கூப்பிட்டான். கூப்பிட்டும் நிற்கவில்லை என்றால் மரியாதை போதவில்லை என்றுதானே அர்த்தம்? ஓடிப்போய் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முன்னைவிட உருக்கமாக, “ஐயா!” என்றான்.

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள். கன்னையாவைப் பார்த்தாள். மலாயில் ஏதோ ஒரே வாக்கியம் சொன்னாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு விடுவிடென்று நடந்தாள். போலீஸ்காரர் கூடையோடு பின்னால் ஓடினார்.

கன்னையா குடியிருந்தது மைதீனின் காப்பிக்கடை மாடியில். நடந்ததைக் கேட்டதும் மைதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

“அடப்பாவி! மலாயில ‘அயா’ன்னா அப்பா லா! பொஞ்சாதிய பக்கத்துல வச்சிக்கிட்டா அந்த மனுசரை அப்பான்னு கூப்பிட்டே?”

“மரியாதைக்குத்தான் அண்ணே கூப்பிட்டேன்!”

சாயங்காலம் அந்தப் போலீஸ்காரரே கடைக்கு வந்துவிட்டார். பெயர் இப்ராஹிம். நரை கலந்த பெரிய மீசை துடிக்க அவர் பொரிந்து தள்ளியதை மைதீன் தமிழில் சொன்னார்.

“வீட்டுல அடுப்பு பத்த வைக்கலியாம். தமிழங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு சொல்லிப் பாத்தாராம். ‘எல்லார் காலையும் தொடுவாங்களா?’ன்னு அவரு பொஞ்சாதி ஹலிமாம்மா கேட்டாங்களாம். கல்யாணத்துக்கு முன்னால இவரு கிள்ளான் ஊர்ல வேல பாத்த கதையெல்லாம் இப்பக் கிளம்பிருச்சாம். இந்த வாரத்துக்குள்ள நீ சரி பண்ணலேன்னா, அடுத்த கப்பல்ல உன்னை ஏத்திவிட்டுருவாராம்.”

கன்னையா மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டான். பாடம் தொடங்குமுன் ஊர் திரும்பினால், அங்கே இருக்கும் நிஜ அப்பா தோலை உரித்துவிடுவார்.

“பயப்படாதே. ஒரு வார்த்தை சொல்லித் தரேன். ‘டியா புக்கான் அயா சாயா.’ அவரு எங்க அப்பா இல்லேன்னு அர்த்தம். அதுல ‘புக்கான்’தான் உசிரு. அதை விட்டே, செத்தே.”

மறுநாள் கன்னையா வழி நெடுக “புக்கான், புக்கான்” என்று ஜபித்துக்கொண்டே போனான். கதவைத் திறந்த ஹலிமா கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. புக்கான் பறந்துவிட்டது.

“டியா அயா சாயா!” என்றான் கணீரென்று.

உள்ளே இப்ராஹிமின் கையிலிருந்த மங்குக் கிண்ணம் உருண்டோடும் சத்தம் கேட்டது.

இனிப் பேச்சே வேண்டாம் என்று கன்னையா தீர்மானித்தான். பெற்ற அப்பாவின் படத்தையே காட்டிவிட்டால்? டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துப்போய் ஹலிமாவிடம் நீட்டினான். நீட்டிய பிறகுதான் படத்தை அவனும் சரியாகப் பார்த்தான். அப்பா ஊர்த் தலையாரி. அதே காக்கிச் சட்டை. அதே மீசை.

ஹலிமா படத்தைக் கணவன் கன்னத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு முகத்தை முக்காட்டில் புதைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. இப்ராஹிம் மீசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கன்னையா செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவந்தான்.

“இது உன்னால ஆகாது. நானே வரேன்,” என்ற மைதீன் மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்தினார்.

இருவரும் போனபோது அந்த வீட்டின் தோற்றமே மாறியிருந்தது. குடங்கள் நிரம்பியிருந்தன. விறகு பிளந்து அடுக்கியிருந்தது. துவைத்த துணி கொடியில் ஆடியது. கூரைமேல் கைலியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் வியர்க்க வியர்க்க ஓலை மாற்றிக்கொண்டிருந்தார்.

“கூலிக்கு ஆள் வச்சிருக்காங்க போல,” என்றான் கன்னையா.

அந்த ஆள் திரும்பினார். இப்ராஹிம்! மீசை இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கன்னையாவைக் கண்டதும் அவர் கையிலிருந்த ஓலை நழுவியது.

“ஐயோ, என்னால மீசையும் போச்சே!” என்று கன்னையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “சீக்கிரம் சொல்லுங்கண்ணே!”

மைதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் சுத்தமான மலாயில் ஆரம்பித்தார். ஹலிமா உதட்டின்மேல் விரலை வைத்தாள். கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அருகில் வந்து கிசுகிசுத்தாள், தமிழில்:

“கெடுத்துராதீங்க அண்ணே. பினாங்குல நாகூர்க்காரங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுல வளர்ந்தவ நான். ‘ஐயா’ன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தம்பி, கோழிக்கூடு ஒன்னு பாக்கி இருக்கு, நாளைக்கும் ஒருதரம் வந்து அவரைக் கூப்பிட்டுட்டுப் போயிரு!”