எமிலின் கால்மாட்டில் சிவப்புத் துணி

அன்புள்ள மருமகன் டுவெய்னுக்கு,

அத்தை ஆர்டித் எழுதுவது. இங்கே நான் நலம், மாடுகளும் நலம். நீயும் உன் வண்டிக் கடையும் நலம் என்று உன் அம்மா சொன்னாள். என் வயிற்றெரிச்சல் இன்னும் உன் ஊர் ஒகலாலா வரை வந்து சேரவில்லை போலிருக்கிறது.

உன் மாமாவை அடக்கம் செய்த அன்று யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் நழுவக் கூடாது. வண்டியை ஓட்டிய என் மகன் லைல். பக்கத்துப் பண்ணை ஆரின் டீடமன். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் வாய் ஓயாதவர் அவர்தான். மற்ற ஐந்தும் அவருடைய தம்பிகளும் அவர்கள் பெற்றவைகளும். ஃபாதர் ஸ்விஹெல். உன் அம்மா விளாஸ்தா, கழுத்தில் சிவப்புத் துணியோடு. சாவு வீட்டுக்குச் சிவப்பு! பெட்டிக்குள் உன் மாமா எமில். நீ மட்டும் இல்லை. அன்றைக்குக் கடையில் தள்ளுபடி விற்பனையாமே, விற்றதா?

நம் பக்கத்தில் மாடு வைத்திருப்பவன் செத்தபின் கல்லறைக் குன்றுக்குப் போவது தன் சொந்த வண்டியின் முதுகில்தான். எமிலின் அப்பா அப்படித்தான் போனார். அது எங்கள் முதல் பிளெயின்ஸ்மேன் பிக்கப் வண்டி, பச்சை நிறம். மூடியைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஆள் உள்ளே இறங்கி நின்று வேலை பார்க்கலாம், அவ்வளவு இடம். முன்னால் ஒரே நீள இருக்கை, மூன்று பேருக்கு. அறுபத்தொன்றில் எங்கள் கல்யாணம் முடிந்து கோயிலிலிருந்து வீட்டுக்கு அதில்தான் வந்தோம். எனக்கும் என் புருஷனுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது யார் என்று உன் அம்மாவைக் கேள். அன்றைக்கும் சிவப்புத் துணிதான். "குளிருது அண்ணி, நடுவுலதான் கதகதப்பா இருக்கும்" என்றாள். இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்தது நீல வண்டி, எழுபத்தொன்பது. பின்னால் சுமை ஏற்றும் தொட்டி எட்டு அடி. அதில் கன்றுக்குட்டி போனது, வைக்கோல் போனது, உன் அம்மாவின் பியானோகூடப் போனது, இறக்கியபோது அதன் சுருதியே போயிருந்தது, அது வேறு கதை. பக்கத் தகடு முழங்கை உயரம். எமிலும் ஆரினும் ஆளுக்கொரு பக்கம் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றால்தான் அவர்களுக்குப் பேச்சே வரும். பிறகு லைல் தன் பங்குக்கு வாங்கினானே, ஒவ்வொரு புது பிளெயின்ஸ்மேனிலும் மூக்கு வளர வளர வால் தேய்ந்தது. முதலில் பின்னால் அரை இருக்கை வந்தது, நாய் உட்கார. அப்புறம் அது முழு இருக்கையானது, கதவு நான்கானது. தொட்டியிலிருந்து திருடித்தானே அந்த இடம் வந்தது?

கடைசியாக நீ என் புருஷன் தலையில் கட்டினாயே, அதைப் பற்றி என்ன சொல்ல! மருத்துவர் கையை விரித்த மறு வாரம், நீல வண்டியை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்து அனுப்பினாய். அதன் முகம் கோயில் கதவு மாதிரி. முன்னால் நான் நின்றால் ஓட்டுகிறவனுக்கு என் தொப்பிகூடத் தெரியாது. ஏறுவதற்குப் படி வேண்டும், அந்தப் படியும் தானாக வெளியே வந்து கணுக்காலில் இடிக்கும். இருக்கையெல்லாம் மாட்டுத்தோல். மாட்டின் தோலை உள்ளே விரித்துவிட்டு மாட்டுக்கு இடமில்லாமல் செய்த புத்திசாலி யாரப்பா? இருக்கை வேறு தானாகச் சூடாகிறது. முதல் நாள் உட்கார்ந்தபோது நான்தான் ஏதோ அசிங்கம் பண்ணிவிட்டேன் என்று நடுங்கிப்போனேன். நடுவில் ஒரு அலமாரி. ஒரே ஒரு நன்மை, அங்கே இனி எவளும் உட்கார முடியாது.

அன்று கோயில் வாசலில் பெட்டியைத் தூக்கினார்கள். தொட்டி அவர்கள் நெஞ்சு உயரம். ஆரின் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏ லைலு, இது வண்டியா மச்சு வீடா? ஏணி எங்கடா?" என்றார். எப்படியோ ஏற்றித் தள்ளினார்கள். பாதியில் நின்றது. ஏழு அடிப் பெட்டி ஐந்தரை அடித் தொட்டியில் அடங்காது என்று எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரிகிறது. எமிலின் கால்கள் வெளியே. பின்கதவை மூட முடியவில்லை. வண்டி கீச்சு கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பின்கதவு திறந்திருக்குன்னு சொல்லுதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றான் லைல்.

"அதுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே!" என்றேன்.

ஃபாதர் தொண்டையைக் கனைத்தார். "ஆர்டித், நெடுஞ்சாலையில கொஞ்ச தூரம் போகணும். சுமை வெளிய நீட்டிக்கிட்டிருந்தா சிவப்புத் துணி கட்டணும், சட்டம்." என் புருஷன் சுமையாகிவிட்டார். எல்லோரும் திரும்பி யாரைப் பார்த்திருப்பார்கள் என்று நான் எழுதவா வேண்டும்? உன் அம்மா கழுத்திலிருந்து அவிழ்த்து, கண்ணைத் துடைத்து, அதையே கால்மாட்டில் கட்டினாள். ஊரே பின்னால் வர, விளாஸ்தாவின் கொடி பறக்கத்தான் எமில் குச்சேரா குன்றுக்குப் போனார்.

மேலே போய் லைல் எஞ்சினை அணைத்ததும் வண்டியே ஒரு பெண் குரலில் பேசியது, இனிமையாக: "இறங்கும் முன் பின்னால் யாரையாவது விட்டுவிட்டீர்களா என்று பார்க்கவும்."

"விட்டுட்டுத்தாம்மா போகப் போறோம்" என்றார் ஆரின். தம்பிகள் சிரித்தார்கள். ஃபாதர் இருமுவதுபோல் சிரித்தார். லைல் சிரித்தான், பெற்ற அப்பனின் பெட்டி முன்னால். நான் யாரையும் மறக்கவில்லை.

ஆகவே டுவெய்ன், விஷயம் இதுதான். உன் கடை வாசலில் பூசணிக்காய் அடுக்கி அழகுக்கு நிறுத்தியிருக்கிறாயே நீல வண்டி, அதை வசந்தத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டு இந்தக் கோயில் கதவை ஓட்டிக்கொண்டு போ. எனக்கும் வயதாகிறது. என் முறை வரும்போது கால் நீட்டிப் படுக்க எட்டு அடி வேண்டும். உன் அம்மாவின் துணி என் கால்மாட்டில் பறக்கக் கூடாது.

உனக்கும் உன் மனைவிக்கும் கடவுள் நல்ல புத்தி கொடுக்கட்டும், உனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

உன் அத்தை,
ஆர்டித் குச்சேரா

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் உன் அம்மா வந்துவிட்டாள், ஒரு தட்டு பிளம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியோடு. துணியைத் திருப்பிக் கேட்க வந்தாளாம். நீல வண்டியைக் கேட்டு உனக்கு எழுதியிருப்பதைச் சொன்னேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"டுவெய்ன் ஏமாத்தல அண்ணி. அண்ணன் டேப்பு வச்சு அளந்து பாத்துத்தான் வாங்கினார்."

"அளந்துமா இந்தக் குட்டையை வாங்கினார்?"

"நீளத் தொட்டி வச்சதும் ஒண்ணு நின்னுச்சு. அதுல சூடு சீட்டு இல்ல. நீல வண்டியில தரை இத்துப்போயி ஆர்டித் முட்டிக்குக் காத்தடிக்குது, ராத்திரி பூரா தேச்சுக்கிட்டே கிடக்கறான்னார். உன் பெட்டி உள்ள போகாதேண்ணான்னு நான்தான் கேட்டேன். 'நான் பின்னாடி ஒரு நாள் போறவன், அவ முன்னாடி தினம் போகணும்'னுட்டார்."

ஆகவே நீல வண்டியைக் கொண்டுவர வேண்டாம். பூசணிக்காய் அங்கேயே இருக்கட்டும். இந்தப் பின்குறிப்பை வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெளியே பனி கொட்டுகிறது, முட்டி வலிக்கவில்லை. துணியைத் திருப்பித் தரவில்லை, எனக்கும் ஒரு நாள் வேண்டியிருக்கும். உன்னை மன்னித்தேன். லைலின் சிரிப்பை மன்னித்தேன். கொலாச்சி நன்றாக இருந்ததால் அறுபத்தொன்றில் நடுவில் உட்கார்ந்தவளையும் பாதி மன்னித்தேன். ஆனால் என் முட்டியைப் பற்றித் தங்கையிடம் போய்ச் சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தான் சாகும்வரை, நான் இந்த வண்டியைத் திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டே படுத்திருந்த ஒரே ஒரு ஆளை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்: எமில் குச்சேரா.