நாலாம் நம்பர் கையுறை

"அந்த மோதிரத்தை உங்க விரல்ல போட்டுக் காட்டுங்களேன்" என்றாள் மோதிரம் வாங்க வந்த கல்யாணப் பெண்.

போட்டுக் காட்டினான். விரலை நீட்டாமல், நுனியை உள்ளே மடக்கிக் காட்டினான்.

"ஏன் கொக்கி மாதிரி வெச்சிருக்கீங்க? நிமிர்த்துங்க."

"சுளுக்கும்மா."

நிமிர்த்தினால் மானம் போகும். நகம் பாதிதான் இருந்தது. ஓரத்துத் தோலைக் காலையில்தான் கடித்து உரித்திருந்தான். இன்னும் சிவப்பு ஆறவில்லை.

நகைக்கடையில் மோதிரப் பிரிவு அவனுடையது. நாள் முழுக்க மோதிரம் மாட்டிக் கழற்றுவதால் கடையில் அவனுக்குப் பெயர் மாப்பிள்ளை. அந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் பத்து வருஷம் நின்றுவிட்டான். அதைவிட்டால் வேறு இடத்தில் நிற்கத் தெரியாது.

மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவார். "கை நல்லா இல்லாதவனுக்கு மோதிரம் கிடையாது. குடோன்ல ஆள் தேவைப்படுது."

நகம் கடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை ஒன்றும் இல்லை. கை எப்போது கிளம்பியது, எப்போது வாய்க்குப் போய்ச் சேர்ந்தது என்பதே தெரியாது. வலித்த பிறகுதான் தகவல் வரும். விட்டுவிடுவதாக எத்தனையோ தடவை சத்தியம் செய்திருக்கிறான். சத்தியம் செய்த பதற்றத்தில் இன்னும் இரண்டு நகம் போகும்.

மனைவி மருந்துக் கடையிலிருந்து ஒரு குப்பி வாங்கி வந்தாள்.

"இதை நகத்துல தடவுங்க. வாயில வெச்சீங்கன்னா கசப்பு உச்சந்தலைக்கு ஏறும்."

"என்ன, என்னைச் சின்னப் பிள்ளைன்னு நினைச்சியா?"

"சின்னப் பிள்ளைங்களுக்குன்னுதான் லேபிள்ல போட்டிருக்கு."

தடவிக்கொண்டு போனான். பத்து மணிக்குக் கை வாய்க்குப் போனது. எட்டிக்காயாய்க் கசந்தது. பதினொரு மணிக்கு மறுபடி போனது. மதியத்துக்குள் கசப்பு பழகிவிட்டது.

சாயங்காலம் ஒரு பெரியவர் வந்தார். அவன் எடுத்துக் கொடுத்த மோதிரத்தை வாங்கி, அசல் தங்கம்தானா என்று பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். முகம் கோணிப்போனது.

"தம்பி, தங்கம் எப்பலேருந்து கசக்க ஆரம்பிச்சுது?"

கடையே திரும்பிப் பார்த்தது. மேலாளர் ஓடி வந்தார். மோதிரத்தைக் கைக்குட்டையால் பிடித்து நாக்கு நுனியில் வைத்தார். அவருக்கும் கசந்தது.

"மாப்பிள்ளை, என்னய்யா இது?"

வாய்க்கு வந்ததைச் சொன்னான். "எல்லாரும் வெறுங்கையால தொடறோம்ல சார். வேர்வை படியுது. கையுறை போட்டுக்கிட்டா இப்படி ஆகாது."

திட்டு விழும் என்று நினைத்தான். மேலாளர் முகம் மலர்ந்தது.

"இத்தனை வருஷமா எனக்கு இது ஏன் தோணாம போச்சு?"

மறுநாளே மேலாளர் உட்படக் கடையில் பதினோரு பேருக்கும் வெள்ளைக் கையுறை வந்துவிட்டது. மணிக்கட்டில் ஆளுக்கொரு நம்பர் தைத்திருந்தது. அவனுக்கு நாலு. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவன் விரல்களை நிமிர்த்தி மோதிரம் காட்டினான். ராஜா மாதிரி இருந்தது.

இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் இருமினான். நூல் வந்தது.

"மதியச் சாப்பாட்டை அப்படியே கொண்டு வந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"பசிக்கல."

"வேளா வேளைக்குத் துணி தின்னா எப்படிப் பசிக்கும்?"

வெள்ளிக்கிழமை வலது கட்டைவிரலில் ஓட்டை விழுந்தது. நகம் எட்டிப் பார்த்திருக்கும், இருந்திருந்தால்.

சனிக்கிழமை கடை மூடும்போது மேலாளர் ஒரு பையை நீட்டினார். "எல்லாரும் கழட்டி இதுல போடுங்க. லாண்டரிக்குப் போகுது. திங்கட்கிழமை வந்ததும் மூட்டையை நான்தான் பிரிப்பேன். வேற யாரும் தொடக்கூடாது."

அவன் அவசரமாகக் கழற்றினான். நாலாம் நம்பரைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்தான். கண்ணெதிரே குடோன் தெரிந்தது.

"போய் உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி. "கொலையா பண்ணிட்டீங்க?"

"கொலைன்னா ஏதாவது காரணம் சொல்லலாம். இதுக்கு என்னன்னு சொல்றது? ஏன் கடிக்கிறேன்னு எனக்கே தெரியல. உன்கிட்ட மறைக்கவே கல்யாணமாகி ரெண்டு வருஷம் பட்ட பாடு போதும்."

"எங்க மறைச்சீங்க? நிச்சயதார்த்தத்துல எனக்கு மோதிரம் போட்டு விட்டப்பவே பார்த்துட்டேனே."

"அன்னிக்கேவா? ஏன் சொல்லல?"

"அவ்வளவு கஷ்டப்பட்டு ஒளிச்சிட்டு இருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவள் அலமாரியிலிருந்து புதுக் கையுறை ஒரு ஜோடியை எடுத்தாள். எப்போது வாங்கினாளோ. மணிக்கட்டில் நாலு என்று தைத்துக் கொடுத்தாள். அச்சு அசலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லாண்டரிக்குப் போனான். தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தான். லாண்டரிக்காரர் தலை நிமிராமல் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நகைக்கடை மூட்டை வந்திருக்குமே. அதுல ஒரு ஜோடி கொஞ்சம் சேதாரமா இருக்கும். கடிச்ச மாதிரி. எங்க வீட்ல எலித் தொல்லை." நிறுத்தினான். மனைவி முகம் நினைவுக்கு வந்தது. "எலி இல்லண்ணே. நான்தான். இந்தப் புது ஜோடியை மாத்தி வெச்சிடுங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, தயவுசெஞ்சு."

லாண்டரிக்காரர் காலரை முடித்துவிட்டு, மேசைக்கடியில் இருந்த கூடையைக் காலால் தள்ளிவிட்டார்.

"அதுல போட்டுட்டுப் போங்க சார். காலையிலேருந்து நீங்க ஏழாவது ஆள். நான் கடையைத் திறக்கறதுக்கு முன்னாடியே உங்க மேனேஜர் புது ஜோடியோட வந்து வாசல்ல நின்னுட்டிருந்தாரு."