என் ஈயக்குண்டுக்கு எவ்வளவு மருந்து?

மிசூலா, மொண்டானா
செவ்வாய்க்கிழமை

தாராள மனசுக்காரரான மைத்துனர் வெண்டலுக்கு,

உன் அக்காள் கணவன் வெர்லின் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா ஆர்லீன், நாய் மூவரும் நலம். என் விரல்கள் பத்தும் இன்றைய தேதிவரை நலம். அங்கே நீயும், உன் பெண்டாட்டியும், பரிசு அனுப்பும் உன் பழக்கமும் நலம்தானே?

நான் ஓய்வு பெற்ற வாரம் நீ அனுப்பிய, துப்பாக்கிக் குண்டு வார்க்கும் பழைய அச்சு வந்து சேர்ந்தது. பக்கத்தில் பொறித்த அளவு எண் தேய்ந்துபோயிருந்தால் என்ன, தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? டயர் கடையில் கெஞ்சி ஈயக் கட்டிகள் வாங்கி, கராஜில் உருக்கி, காபி டப்பா நிறைய குண்டு ஊற்றிவிட்டேன். ஊற்றுவது சுலபம் மச்சான். தோட்டாவுக்குள்ளே எவ்வளவு வெடிமருந்து போடுவது? குறைத்தால் குண்டு குழாயிலேயே குடியிருக்கும், கூட்டினால் துப்பாக்கி வெடித்து மூஞ்சியில் வரும். கண்ணளவில் உப்புப் போடுகிற சமாச்சாரமா இது? தோட்டா தயாரிக்கும் கையேடுகளைப் புரட்டினேன். செப்புச் சட்டை போட்ட குண்டுகளுக்குப் பக்கம் பக்கமாகக் கல்யாண ஆல்பம் மாதிரி படம். ஏழை ஈயத்துக்கு மூலையில் நாலு வரி, அதிலும் என் முப்பத்தெட்டு காலிபர் துப்பாக்கிக்கான பக்கத்தில் நம் குண்டின் சாயலில் ஒன்றுகூட இல்லை. பழைய புத்தகத்தைவிடப் புதியதில் அளவுகள் வேறு குறைவு. மருந்துக்கு வீரியம் கூடியதோ, வழக்குப் போடும் வக்கீல்களுக்குக் கூடியதோ!

சரி, இணையத்தில் பெரிய மனுஷர்கள் இருக்கிறார்களே என்று கேட்டேன். ஒருத்தன் "புக்கைப் படிய்யா"ன்னான். இன்னொருத்தன் "முப்பத்தெட்டெல்லாம் ஒரு துப்பாக்கியா?"ன்னான். ரெண்டு பேர் ஈயத்துல தகரம் கலக்கலாமா கூடாதான்னு ஆரம்பிச்சு ஒருத்தன் மாமியாரை இன்னொருத்தன் இழுக்கிற வரைக்கும் போனாங்க. ஒரே ஒரு புண்ணியவான் அளவு சொன்னான், படத்துல அவனுக்கு ஒத்தைக் கண்ணுல பட்டை! வெடிமருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தம்மா, "குண்டோட விட்டத்தை அளந்து பாத்தீங்களா சார்?"ன்னாங்க. "கவுண்டி சர்வே ஆபீசுல முப்பது வருஷம் நிலம் அளந்தவன்மா நான், என்னையா அளக்கச் சொல்றே?"ன்னு போனை வச்சுட்டேன். துப்பாக்கி கிளப்பில் கூட்டாளி டர்க்கைக் கேட்டேன். "எங்கப்பா கரண்டியில அள்ளிப் போடுவாருய்யா"ன்னான். அப்பா எப்படி இருக்கார்னேன். "காது ரெண்டும் கேக்காது, மத்தபடி ஜம்முன்னு இருக்கார்."

சனிக்கிழமை கிளப்பில் சுடும் போட்டி. மூணு வருஷமா உன் அக்காகிட்ட தோத்து, பந்தயப்படி ஏப்ரன் கட்டி, கிளப் மொத்தத்துக்கும் பான்கேக் சுட்டவன் நான். இந்தத் தடவை என் கையால் ஊற்றின குண்டாலேயே அவளை ஜெயிக்கிறேன்னு எல்லார் முன்னாலயும் சவால் விட்டுட்டேன். இப்போ கடைக் குண்டோட போய் நின்னா மானம் கப்பலேறிடும். ஆர்லீன் ஒருத்திதான் ஆறுதல். தினம் கராஜுக்கு வந்து டப்பாவை எட்டிப் பார்த்து, "எவ்வளவு அழகா ஊத்தியிருக்கீங்க!"ன்னு தட்டிக்கொடுத்துட்டுப் போறா. அச்சு அனுப்பத் தெரிந்த மகராசா, மருந்து அளவையும் உடனே அனுப்பி வை.

உன் பெண்டாட்டிக்கு என் அன்பைச் சொல். உன் வீட்டில் செல்வமும் பொறுப்பும், முக்கியமாகப் பொறுப்பு, பெருகட்டும்.

இப்படிக்கு,
வெர்லின்

பி.கு.: தபால்தலை ஒட்டக் கொடுத்தேன். ஆர்லீன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பார்சல் அவள் பெயருக்கு வந்ததாமே? அவளுடைய ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கிக்காக அவளே உன்னிடம் கேட்டு வாங்கியதாமே? குண்டு என் துப்பாக்கிக்கு மயிரிழை ஒல்லியாம். அவள் துப்பாக்கிக்கான பக்கத்தைத் திருப்பினால் அதே கையேட்டில் நம் குண்டு படத்தோடு பல்லை இளிக்கிறது.

"முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றேன்.

"சொல்லியிருந்தா இத்தனையையும் யார் ஊத்துவா?" என்றாள்.

டப்பாவில் பாதி காலி. அந்தக் குண்டுகளை வைத்தே சனிக்கிழமைக்கான தோட்டாக்களை அவள் போன வாரமே தயார் செய்துவிட்டாளாம். ஆகவே மருந்து அளவு வேண்டாம் மச்சான். நாற்பது பேருக்குப் பான்கேக் மாவு கரைக்க எவ்வளவு பால் ஊற்ற வேண்டும், அதை மட்டும் எழுது.